சான்றில்லா இல்லம்: புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’, ‘சாபவிமோசனம்’ கதைகளில் அச்சமும் உறவின் அடையாளமும்

ஆய்வுச் சுருக்கம்

புதுமைப்பித்தன் 1943இல் ‘கலைமகள்’ இதழில் எழுதிய ‘காஞ்சனை’ பேய்க்கதையாகவும், அதே ஆண்டில் அதே இதழில் எழுதிய ‘சாபவிமோசனம்’ இதிகாச மறுவாசிப்பாகவும் தனித்தனியே ஆராயப்பட்டு வந்துள்ளன. இவ்விரு கதைகளிலும் அச்சம் பிறக்கும் இடம் ஒன்றே என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. உடன் வாழ்பவர் உண்மையில் யார் என்பதை உறுதிசெய்யச் சான்று இல்லாத இல்லமே அவ்விடம். தமிழ் மரபில் உறவின் மெய்ம்மையை நிறுவிய கரணம், ஊரவை, தீ ஆகிய பொதுச் சான்றுகள் இக்கதைகளில் செயலற்றுப் போகின்றன. அவ்வெற்றிடத்தில் எழும் அச்சத்தின் விலையை இரு கதைகளிலும் பெண்ணே செலுத்துகிறாள் என்பதும் எடுத்துக்காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: புதுமைப்பித்தன், மீயதார்த்தம், அச்சம், அணங்கு, வெறியாட்டு, நீலி, அகலிகை, சான்று.

முன்னுரை

தமிழ்ச் சிறுகதையின் முன்னோடிகளுள் ஒருவரான புதுமைப்பித்தன் (1906–1948) பேய், பிசாசு, பிரம்மராட்சசு முதலியவற்றைக் கதைப்பொருளாக்குவதில் தயக்கம் காட்டாதவர். மேரி ஷெல்லியின் ‘பிராங்கென்ஸ்டைன்’ நாவலைப் ‘பிரேத மனிதன்’ என்னும் பெயரில் தமிழுக்குத் தந்தவரும் அவரே. ‘காஞ்சனை’ தொகுப்பின் முன்னுரையில் அவர் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார். ‘காஞ்சனை’ கதையைப் படித்த நண்பர் ஒருவர், பேய்களில் நம்பிக்கை உண்டா என அவரிடம் வினவுகிறார். நம்பிக்கை இல்லை, ஆனால் அச்சம் இருக்கிறது என்னும் பொருளில் அவர் விடையளிக்கிறார். நண்பர் அதனை வேடிக்கைப் பேச்சாகக் கருதிவிடுகிறார்.

அவ்விடை ஆய்வுக்கு உரிய ஒன்று. இல்லாத ஒன்றைக் கண்டு எழும் அச்சம் எதனைப் பற்றியது? ‘காஞ்சனை’ குறித்த வாசிப்புகள் பொதுவாக இரு திசைகளில் செல்கின்றன. ஒரு சாரார் அதனைப் பகுத்தறிவுக்கும் நம்பிக்கைக்கும் இடையிலான ஊசலாட்டமாகக் காண்பர். மற்றொரு சாரார் கதைசொல்லியின் மனப்பிறழ்வாகக் காண்பர். இரண்டும் பேய் உண்டா, இல்லையா என்னும் வினாவையே சுற்றி வருகின்றன. அச்சம் நிகழும் களம் கணவனும் மனைவியும் அருகருகே படுத்திருக்கும் படுக்கை என்பது இரண்டிலும் பின்னுக்குச் சென்றுவிடுகிறது. அக்களத்தை முன்னுக்குக் கொண்டுவந்து, ‘சாபவிமோசனம்’ கதையோடு இணைத்து நோக்கினால் ‘காஞ்சனை’ வேறொரு கதையாகத் துலங்குகிறது.

இக்கட்டுரையில் ‘மீயதார்த்தம்’ என்னும் சொல் வாசிப்புக் கருவியாக மட்டுமே எடுத்தாளப்படுகிறது. 1924இல் ஆந்திரே பிரெத்தோன் வெளியிட்ட அறிக்கை வழி உருவான ஐரோப்பிய இயக்கத்தோடு புதுமைப்பித்தனை இணைப்பது இதன் நோக்கமன்று. அன்றாட வாழ்வின் விவரங்கள் யாவும் துல்லியமாக இருக்க, அவற்றுள் ஒன்று மட்டும் இம்மி பிறழ்ந்து நிற்பதால் முழு உலகமும் நம்பகமிழக்கும் புனைவு முறையையே இச்சொல் இங்குக் குறிக்கிறது.

அச்சத்தின் நிலைக்களன்கள்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. அணங்கு வருத்தும் தெய்வ ஆற்றல். விலங்கு காட்டைச் சார்ந்தது. கள்வர் மறைந்து வருபவர். இறை தனக்கு மேலான அதிகாரம் உடையவர். நான்கும் அஞ்சுபவரின் உறவு வட்டத்திற்குப் புறத்தே நிற்பவை. உடன் வாழும் துணை இப்பட்டியலில் இல்லை.

எனினும் அணங்கு என்னும் சொல்லுக்குள்ளேயே ஓர் இணைப்பு உண்டு. சங்க இலக்கியத்தில் அச்சொல் வருத்தும் தெய்வத்தையும் சுட்டும். காதலனை வருத்தும் பெண்ணின் எழிலையும் சுட்டும். விருப்பமும் அச்சமும் ஒரே சொல்லில் தங்கியுள்ளன. வெறியாட்டுத் துறை இதனை ஒரு நிகழ்வாகவே விரிக்கிறது. தலைவியின் மெலிவுக்குக் காதலே காரணம். அதனை அறியாத தாய் முருகன் அணங்கினான் எனக் கருதி வேலனை அழைக்கிறாள். களன் இழைக்கப்படுகிறது, மறி அறுக்கப்படுகிறது. தலைவியை எவரும் வினவுவதில்லை. உண்மையை அறிந்த தோழி அதனை வெளிப்படுத்தும்போது வெறியாட்டின் பொருளின்மை புலனாகிறது. உறவின் நெருக்கடி அமானுட நெருக்கடியாகப் பிழைபட உணரப்படுவதைத் தமிழ் அகமரபு முன்பே அறிந்திருந்தது என்பதற்கு இத்துறை சான்றாகும்.

மேலைக் கோட்பாடுகளுள் இரண்டு இங்குப் பயன்படுபவை. சிக்மண்ட் பிராய்டு 1919இல் எழுதிய கட்டுரையில், திகிலூட்டும் அயன்மை என்பது முற்றிலும் புதிய ஒன்றிலிருந்து எழுவதில்லை. நெடுநாள் பழகிய ஒன்று அயலாகத் தோன்றும்போது எழுகிறது என்று விளக்குகிறார். அவர் கையாளும் ஜெர்மானியச் சொல்லின் வேரே இல்லத்தைக் குறிப்பது. அவர் எடுத்துக்கொள்ளும் கதை ஹாஃப்மனின் ‘மணல் மனிதன்’ (1816). அக்கதையின் நாயகன் நதானியேல் ஓர் இயந்திரப் பொம்மையை உயிருள்ள பெண்ணென நம்புகிறான். தன்னை நேசிக்கும் பெண்ணையோ உயிரற்ற பொறியெனப் பழிக்கிறான். உறவில் பாதுகாப்பின்மை முற்றும்போது அடையாளங்கள் இடம் மாறுவதை இது காட்டுகிறது. அடுத்து, இஸ்வெதான் தொதரோவ் 1970இல் முன்வைத்த கருத்து. நிகழ்ந்தது அமானுடமா, விளக்கத்தக்க இயல்பு நிகழ்வா என வாசகர் முடிவு செய்ய இயலாமல் தயங்கும் நிலையே விந்தைப் புனைவின் உயிர் என்பது அவர் துணிபு. ‘காஞ்சனை’ இத்தயக்கத்தை இறுதிவரை காக்கும் கதை. ஆனால் அத்தயக்கம் யாரைப் பற்றியது என்னும் வினாவைத் தொதரோவின் வரையறை தானே எழுப்புவதில்லை. அதற்குத் தமிழ் மரபின் உதவி தேவைப்படுகிறது.

உறவும் சான்றும்: மரபின் தடம்

தொல்காப்பியக் கற்பியல், பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே மூத்தோர் கரணத்தை வகுத்தனர் என்கிறது. திருமணச் சடங்கு மகிழ்ச்சியின் வெளிப்பாடாக மட்டும் இங்குக் கருதப்படவில்லை. உறவை மறுதலிப்பவனுக்கு எதிராக ஊரறிய நிறுத்தப்படும் சான்றாகவும் கருதப்படுகிறது. கரணத்திற்கு முந்தைய நிலையின் அச்சத்தைக் கபிலரின் குறுந்தொகைப் பாடல் (25) பதிவு செய்கிறது. கூடிய வேளையில் தலைவனைத் தவிர வேறு யாரும் இல்லை. இருந்தது மீனுக்குக் காத்து நின்ற ஒரு குருகு மட்டுமே. அவன் பொய்த்தால் தான் என் செய்வேன் எனத் தலைவி கலங்குகிறாள். அவள் நாவில் தலைவனுக்கு வரும் பெயர் கள்வன். மெய்ப்பாட்டியல் அச்சத்திற்குக் காரணமாக வைத்த கள்வர் இப்பாடலில் உறவுக்குள்ளேயே வந்துவிடுகிறார்.

பொதுச் சான்றே பொய்த்துப்போகும் கதையாகப் பழையனூர் நீலி கதை அமைகிறது. வணிகன் ஒருவனால் கொல்லப்பட்ட மனைவி பேயாகி, அவனைத் தொடர்ந்து வருகிறாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, அவனே தன் கணவன் எனப் பழையனூர் அவையில் முறையிடுகிறாள். அவன் மறுக்கிறான். கண்ணீரையும் குழந்தையையும் கண்ட வேளாளர் எழுபதின்மர் அவளே மனைவி எனத் தீர்ப்பளித்து, அவன் உயிருக்குத் தாம் பிணை நிற்பதாகக் கூறுகின்றனர். அன்றிரவு வணிகன் கொல்லப்படுகிறான். சொன்ன சொல் காக்க எழுபதின்மரும் தீப்புகுகின்றனர்.

இக்கதையில் உருவம் பொய். ஆயினும் வழக்கு முழுப் பொய்யன்று. அவள் ஒரு பிறவியில் அவன் மனைவியாக இருந்தவளே. அவனால் கொல்லப்பட்டவளே. அவை கண்டது போலி அடையாளத்தை. தீர்ப்போ ஒரு பழைய உண்மையைத் தொட்டுவிடுகிறது. இவ்விரட்டை நிலையே நீலி கதையின் அச்சத்திற்கு ஆழம் தருகிறது. ஆயினும் அங்கு ஓர் அவை இருந்தது; பிணை நிற்பவர்கள் இருந்தனர்; பிழைத்தபோது அவர்கள் தம் உயிரால் ஈடு செய்தனர். புதுமைப்பித்தனின் இல்லத்தில் இவர்களுள் எவரும் இல்லை.

‘காஞ்சனை’: பிணை நிற்பார் இல்லாதவள்

‘காஞ்சனை’யின் கதைசொல்லி கதை எழுதிப் பிழைப்பவன். தன் தொழில் பொய் சொல்வது என்பதைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்கிறான். நிகழ்ந்தவற்றுக்கு உள்ள ஒரே சாட்சி, தன்னைத்தானே நம்பத்தகாதவன் என அறிவித்துக்கொண்ட சாட்சி. இந்த ஏற்பாடு நகைச்சுவைக்காக அமைந்தது போலத் தோன்றினும், கதையின் சான்றுச் சிக்கலை முதற்பத்தியிலேயே நட்டுவிடுகிறது.

முதல் இரவின் நிகழ்வு மணம் தொடர்பானது. உறக்கமின்றிக் கிடக்கும் கணவனுக்குப் பிணம் எரியும் வாடை வருகிறது; பின்னர் அது நறுமணமாக மாறுகிறது. அருகில் படுத்திருக்கும் மனைவிக்கு அது மெல்லிய ஊதுவத்தி மணமாகவே எட்டுகிறது. எவரோ ஏற்றி வைத்திருப்பர் என அவள் இயல்பான காரணமும் காண்கிறாள். ஒரே படுக்கை, ஒரே காற்று, இரு வேறு உலகங்கள். கண்ணால் கண்டதைச் சுட்டிக்காட்டலாம். மணத்தைச் சுட்டிக்காட்ட இயலாது. தன் புலனுணர்வுக்கு மனைவியின் ஒப்புதல் கிடைக்காத அக்கணத்தில்தான் அச்சம் தொடங்குகிறது. காஞ்சனை அதுவரை வீட்டு வாயிலுக்கு வரவே இல்லை. அச்சம் முதலிலும் அதற்குரிய உருவம் பின்னருமாகக் கதை அமைவது கவனத்திற்குரியது.

மறுநாள் பிச்சைக்காரி ஒருத்தி வருகிறாள். கணவனின் பார்வை அவள் பாதங்களில் விழுகிறது. அவை தரையில் பாவாதது போலத் தோன்றுகிறது. மீண்டும் நோக்கும்போது பாவியிருக்கின்றன. பேய்க்குக் கால் இல்லை என்னும் நாட்டார் நம்பிக்கை இங்கு ஒரு சோதனை முறையாகப் பயன்படுகிறது. சோதனை இரு முறை நடக்கிறது. இரு விடைகள் கிடைக்கின்றன. மீயதார்த்தப் புனைவின் இம்மிப் பிறழ்வு இதுவே. மனைவியோ எச்சோதனையும் இன்றி அவளை வேலைக்கு அமர்த்திக்கொள்கிறாள். ஊர், உற்றார் என எவரும் பொறுப்பேற்க இல்லாத ஒருத்தியை இல்லத்திற்குள் ஏற்பதற்கு மனைவிக்குத் தன் மனம் போதுமானதாக இருக்கிறது; கணவனுக்கு அது போதவில்லை.

இவ்விடத்தில் வெறியாட்டுத் துறையின் அமைப்பு கதைக்குள் தலைகீழாகப் புகுகிறது. காஞ்சனை பகல் வேளையில் மனைவிக்குப் பழங்கதை சொல்கிறாள். மனைவி ஈடுபட்டுக் கேட்கிறாள். அகமரபில் தலைவியின் உள்ளத்தை அறிந்து பேசுபவள் தோழி. எழுத்தாளனின் வீட்டில் தனித்திருக்கும் மனைவிக்கு அவ்விடத்தில் வந்து சேர்ந்தவள் காஞ்சனை. மேலும், கதை சொல்வது கணவனின் தொழில். அவன் சொல்லாத கதைகளை மற்றொருத்தி அவன் மனைவிக்குச் சொல்கிறாள். கணவனின் கலக்கத்தில் பேயச்சத்தோடு கலந்திருக்கும் மற்றொரு கூறு இதுவாகும். தன் இல்லத்தில் தான் நுழைய இயலாத ஓர் உரையாடல் நிகழ்கிறது. அவ்வுரையாடலின் மறுமுனையில் இருப்பவளை அவன் பேயாகக் காணத் தொடங்குகிறான்.

இரவுக் காட்சியில் மனைவியின் குரல்வளையில் சிறு ரத்தத் துளி தென்படுகிறது. அது கடித்த தடமா, வேறு சிறு காயமா என்பதைக் கதை முடிவு செய்வதில்லை. பின்னர் உடுக்கோடு வரும் சாமக்கோடாங்கி விபூதி தந்து, காஞ்சனை போய்விட்டாள் என்கிறான். உறங்கும் மனைவியை எழுப்ப வேண்டாம் என்றும் கூறுகிறான். வேலனின் இடத்தில் கோடாங்கி; மறியின் இடத்தில் விபூதி; வினவப்படாத தலைவியின் இடத்தில் உறங்கும் மனைவி. அகப்பாடலில் தோழி ஒருத்தி இருந்து உண்மையை உரைத்தாள். இங்குத் தோழியாக வந்தவளே பேயென்று வெளியேற்றப்பட்டுவிட்டாள். ஆகவே மனைவியின் பக்கத்து உண்மை கதையில் எவ்விடத்தும் ஒலிப்பதில்லை. கணவனின் இரவு முழுவதும், விடிந்தபின் மனைவியின் வாயில் ஆண்களின் இயல்பு பற்றிய ஒரு சலிப்புச் சொல்லாகச் சுருங்கிவிடுகிறது. அவளுக்கு அந்த இரவு நிகழவே இல்லை.

கதை முடிந்தபின் எஞ்சுவது பேய் பற்றிய ஐயம் மட்டுமன்று. ஒரே கூரையின்கீழ் வாழும் இருவர் ஒரே வாழ்வை வாழ்கிறார்களா என்னும் ஐயமும் எஞ்சுகிறது. முன்னுரையில் ஆசிரியர் ஒப்புக்கொண்ட நம்பிக்கையற்ற அச்சத்திற்கு இதுவே பொருளாகக் கொள்ளத்தக்கது.

‘சாபவிமோசனம்’: உருவம் சான்றாகாத நிலை

அகலிகைத் தொன்மம் தமிழ்நிலத்தில் நெடுங்காலம் வழங்கி வருவது. திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தில் அக்காட்சி தீட்டப்பட்டிருந்ததைப் பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல் குறிப்பிடுகிறது. வான்மீகியில் அகலிகை வந்தவன் இந்திரன் என அறிந்தே இசைகிறாள். கம்பனில் இடையே உணர்ந்தும் விலக்காதவளாகிறாள். ஆயினும் விசுவாமித்திரர் அவள் உள்ளத்தால் பிழையாதவள் என்று சொல்லிக் கௌதமரிடம் சேர்ப்பிக்கிறார். அவள் அறிந்தாளா, இல்லையா என்பதே இத்தொன்மத்தின் மையச் சிக்கலாக இருந்து வந்துள்ளது. இராமாயணம் அறிந்தவர்களுக்குத் தன் கதை பிடிக்காமல் போகலாம் என்னும் முன்னறிவிப்போடு கதையைத் தொடங்கும் புதுமைப்பித்தன் அவ்வினாவைக் கடந்து செல்கிறார். சாபம் நீங்கிய பின் அவள் எவ்வாறு வாழ்வாள் என்பதே அவர் கொண்ட வினா.

கல் உயிர்பெறுகிறது, புற்றிலிருந்து கௌதமன் எழுகிறான், இராமனின் முன்னிலையில் இருவரும் சேர்கின்றனர். தொன்மம் முடியும் இடத்தில் கதை தொடங்குகிறது. அகலிகை ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பேசுகிறாள். எளிய சொல்லுக்கும் உட்பொருள் கற்பிக்கப்படுமோ என அஞ்சுகிறாள். வழியில் எதிர்ப்படும் ஆடவர் அவள் கண்களுக்கு இந்திரர்களாகத் தெரிகின்றனர். ஒரு முறை கணவனின் உருவில் வேறொருவன் வந்தான். அதன்பின் எவ்வுருவமும் தன்னைத்தானே மெய்ப்பித்துக்கொள்ள இயலாததாகிறது. வஞ்சனையின் கொடுமை அந்நாளோடு முடியவில்லை. கணவனை அடையாளம் காணும் ஆற்றலையே அது அவளிடமிருந்து பறித்துவிட்டது.

கதையின் நடுவே சீதை வந்து தன் தீக்குளிப்பைக் கூறும் இடம் சான்றுச் சிக்கலின் உச்சம். தன்னை மன்னித்த இராமன் சீதையிடம் சான்று கேட்டான் என்பதை அகலிகையால் ஏற்க இயலவில்லை. உலகுக்கு நிறுவ வேண்டும் என்னும் விடையும் அவளை அமைதிப்படுத்துவதில்லை. இவ்விடத்தை ஆணாதிக்கத்தின் மீதான விமரிசனமாக வாசிப்பது சரியே. அதனோடு மற்றொன்றும் நிகழ்கிறது. தனக்கு விடுதலை தந்த அறத்தின் மீதே அகலிகையின் உறுதி தகர்கிறது. மன்னிப்பு ஒருத்திக்கு, தீ மற்றொருத்திக்கு என்றால் மன்னித்தவனும் இரு உருவம் உடையவனே. உருவம் ஒன்று, உள்ளிருப்பவன் வேறு என்னும் அவளது பழைய அனுபவம் இராமனிடத்தும் உறுதிப்படுகிறது.

இறுதியில் கௌதமன் மகப்பேற்றை விரும்பி அவளைத் தழுவுகிறான். அவளுக்கோ கௌதமனின் உருவில் இந்திரன் மீண்டும் வந்ததாகத் தோன்றுகிறது. அவள் நெஞ்சு இறுகுகிறது, மீண்டும் கல்லாகிறாள். வந்தவன் மெய்யாகவே கணவன். ஆயின் அதை நிறுவும் சான்று எதுவும் அவனிடம் இல்லை. முன்பு பொய்யன் மெய்யனாக ஏற்கப்பட்டான்; இப்போது மெய்யன் பொய்யனாக உணரப்படுகிறான். தொல்காப்பியம் பிரித்து வைத்த கள்வரும் இறையும் அகலிகையின் முன் ஒரே உருவில் நிற்கின்றனர். அச்சத்தின் நிலைக்களன் பாதுகாப்பின் நிலைக்களனோடு ஒன்றாகிவிடும் இக்காட்சியில் பேய் இல்லை. ஆயினும் ‘காஞ்சனை’யின் இரவைவிட இது கொடியது.

அச்சத்தின் விலை

இரு கதைகளையும் அருகருகே வைக்கும்போது சில ஒற்றுமைகள் தெளிவாகின்றன. இரண்டிலும் துணையின் அன்பின்மை சிக்கலாகக் காட்டப்படவில்லை. ‘காஞ்சனை’யின் இணையர் இயல்பாகப் பேசிக்கொள்பவர்கள், கௌதமன் அகலிகையை மனமுவந்து ஏற்றவன். அன்பு இருந்தும் உறுதி இல்லை என்பதே இரு கதைகளின் அடிப்படை. இரண்டிலும் இல்லத்திற்கு வெளியிலிருந்து தீர்வு வருகிறது: ஒன்றில் கோடாங்கியின் விபூதி, மற்றொன்றில் இராமனின் பாததூளி. இரண்டு தூளிகளும் உடலைத் தொடுகின்றன. இருவருக்கிடையே உள்ள வெற்றிடத்தைத் தொடுவதில்லை.

வேற்றுமைகள் இவற்றினும் முதன்மையானவை. ‘காஞ்சனை’யில் அஞ்சுபவன் கணவன், கதை முழுவதும் அவன் குரலில் தன்மையில் சொல்லப்படுகிறது. அவன் அச்சத்திற்கு ஓர் உருவம் கிடைக்கிறது. அவ்வுருவம் வீடற்ற, உறவற்ற ஓர் ஏழைப் பெண்ணுடையது. அவள் மறைந்ததும் இல்லம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ‘சாபவிமோசன’த்தில் அஞ்சுபவள் மனைவி, கதை படர்க்கையில் சொல்லப்படுகிறது. அவள் தன் அச்சத்தை ஏற்றி வெளியேற்ற வேறு ஆள் இல்லை. ஆகவே அவளே வெளியேற வேண்டியதாகிறது. கல்லாதல் என்பது அவ்வெளியேற்றத்தின் வடிவம்.

கணவன் அஞ்சினால் வேலைக்காரி மறைகிறாள். மனைவி அஞ்சினால் மனைவியே மறைகிறாள். உறவின் பாதுகாப்பின்மை இருபாலர்க்கும் பொதுவாயினும் அதன் விலை பொதுவாகப் பகிரப்படுவதில்லை. நீலி கதையில் பிழைபட்ட தீர்ப்புக்கு எழுபது ஆடவர் உயிர் தந்தனர். அவை மறைந்து இல்லம் தனித்துவிட்ட காலத்தின் கதைகளில் அக்கடனைச் செலுத்த ஆடவர் எவரும் முன்வரவில்லை. கௌதமன்கூடத் துறவு பூண்டு அகன்றுவிடுகிறான்.

எதிர்வாதங்கள்

இவ்வாசிப்புக்கு எதிராக இரண்டு தடைகள் எழக்கூடும். ‘காஞ்சனை’ பேய்க்கதை வடிவத்தைத் தமிழில் சோதித்துப் பார்த்த முயற்சி. அதில் மணவாழ்வின் சிக்கலைக் காண்பது மிகையாகும் என்பது முதலாவது. கதையில் கணவன் மனைவியை வெளிப்படையாக ஐயுறும் இடம் இல்லை என்பது உண்மையே. ஆனால் பேய்க்கதைக்குப் பாழ்மண்டபமோ சுடுகாடோ களமாகப் போதுமாயிருக்க, படுக்கையும் அடுக்களையும் பகற்பொழுதுப் பேச்சும் களமாகத் தெரிவு செய்யப்பட்டது ஏன் என்பதை அத்தடை விளக்குவதில்லை.

காஞ்சனையைத் தோழியாக வாசிப்பது, அவளது அமானுடத் தன்மைக்குக் கதை தரும் குறிப்புகளைப் புறக்கணிப்பதாகும் என்பது இரண்டாவது தடை. இது வலிமையானது. பாதங்களும் ரத்தத் துளியும் கோடாங்கியின் சொல்லும் அவள் பேயே எனக் கொள்ள இடம் தருகின்றன. எனினும் பாதங்களையும் ரத்தத் துளியையும் கண்டவன் ஒருவனே. கோடாங்கியின் சொல்லும் அவன் வழியாகவே வாசகரை வந்தடைகிறது. அவன் தன் தொழில் பொய் என முன்னரே கூறிவிட்டான். அவள் பேய் என்பதையோ, பேயல்லள் என்பதையோ நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. எது மெய்யாயினும் தனக்காகப் பேசவோ பிணை நிற்கவோ எவரும் இல்லாத நிலையில் அவள் தீர்ப்பிடப்பட்டாள் என்பது மாறுவதில்லை. நீலிக்குக்கூட ஓர் அவையின் செவி கிடைத்தது.

முடிவுரை

புதுமைப்பித்தனின் 1943ஆம் ஆண்டுக் கதைகள் இரண்டையும் சான்று என்னும் ஒற்றைக் கருத்தின்கீழ் இக்கட்டுரை ஆராய்ந்தது. கரணமும் ஊரவையும் தீயும் உறவின் மெய்ம்மைக்குப் பொறுப்பேற்ற மரபிலிருந்து, இருவர் மட்டுமே எஞ்சும் இல்லத்திற்குக் கதை நகரும்போது அச்சத்தின் இயல்பு மாறுகிறது. புறத்தே இருந்த அணங்கும் கள்வரும் இல்லத்திற்குள் வந்து, துணையின் உருவிலோ துணைக்கு நெருக்கமானவரின் உருவிலோ அமர்கின்றனர். ‘காஞ்சனை’ அவ்வச்சத்தைக் கணவனின் கண்ணாலும் ‘சாபவிமோசனம்’ மனைவியின் உள்ளத்தாலும் காட்டுகின்றன. ஒன்றன் பின் ஒன்றாக வாசிக்கப்படும்போதே இவை ஒரு முழு வழக்காகின்றன.

தமிழின் திகில் புனைவை நம்பிக்கையா, பகுத்தறிவா என்னும் இருமைக்குள் வைத்து அளவிடும் வழக்கம் மறுபரிசீலனைக்கு உரியது. பேய் உண்டா என்னும் வினாவுக்கு முன்னர், அச்சம் யாருடையது, அது யார்மீது ஏற்றப்படுகிறது, இறுதியில் மறைபவர் யார் என்னும் மூன்று வினாக்களை எழுப்புவது பயன் தரும். நாட்டார் பேய்க்கதைகள் முதல் இக்காலச் சிறுகதைகள் வரை இம்மூன்று வினாக்களையும் கொண்டு ஆராய இடமுண்டு. ‘காஞ்சனை’யைப் பொறுத்தவரை மூன்றாம் வினாவின் விடை கதையின் தலைப்பிலேயே இருக்கிறது. மறைந்துபோனவளின் பெயரைத்தான் ஆசிரியர் கதைக்கு இட்டார்.